ஸ்டவுட்டில் வெனிலா சேர்த்தவர்கள் வாருங்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களில் யாராவது ஸ்டவுட்டில், அதாவது வறுத்த தானியம் போட்டுக் காய்ச்சும் கறுப்பு பீரில், வெனிலா சேர்த்துப் பார்த்திருந்தால் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை செய்தேன், மூன்றாவதுதான் மனதுக்குப் பிடித்த மாதிரி வந்தது.

முதல் தடவை 19 லிட்டர் வோர்ட் (நொதிக்கவிடும் முன் இருக்கும் மால்ட் சாறு, மால்ட் என்றால் முளைகட்டிய பார்லி). கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது இரண்டு வெனிலா காயைக் கீறிப் போட்டேன். வீடே மணத்தது. ஆனால் பாட்டிலைத் திறந்தபோது நல்ல ஸ்டவுட் இருந்தது, வெனிலாவைக் காணோம். அப்புறம் படித்துத்தான் காரணம் தெரிந்தது. லேசான வாசனைகள் ஆவியோடு போய்விடும், மீதியை நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு இழுத்துக்கொண்டு போகும். அதோடு, மும்முரமாக வேலை செய்கிற ஈஸ்ட், வெனிலாவுக்கு முக்கிய மணம் தரும் வெனிலினையே வெனிலைல் ஆல்கஹாலாக மாற்றிவிடும். அதற்கு மணம் ரொம்பக் குறைவு.

அந்த ஏமாற்றத்தில் இரண்டாம் தடவை அளவை ஏற்றிவிட்டேன். நொதித்து முடிந்த பிறகு ஐந்து காய், ஒரு மாதம், நடுவில் ருசி பார்க்கவே இல்லை. மரத்தூளை ஊறவைத்த தண்ணீர் மாதிரி ஒரு துவர்ப்பு, பின்னாலேயே மருந்து வாடை. ஆறு மாதம் வைத்திருந்தேன். மணம் தணிந்தது, துவர்ப்பு தணியவில்லை.

மூன்றாவதற்கு முதலில் ஸ்டவுட்டையே மாற்றினேன். ஓட்ஸ் சேர்த்து, மால்ட்டை 68 டிகிரியில் ஊறவைத்து, 450 கிராம் லாக்டோஸ் (பால் சர்க்கரை) போட்டேன். அடர்த்தி 1.064-இல் தொடங்கி 1.022-இல் நின்றது. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் அசையாமல் இருந்து, நொதித்து முடிந்தது உறுதியான பிறகுதான் வெனிலாவையே கையில் எடுத்தேன்.

நல்ல காய் விரலில் சுற்றினால் ஒடியாமல் வளையும். அதன் மேல் வெள்ளையாக ஊசி ஊசியாக மின்னினால் பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது வெளியே படிந்த வெனிலின் படிகம். நீளவாக்கில் கீறி, கத்தியின் முதுகால் வழித்தால் கறுப்பு மசியல் வரும். மணல் மாதிரி விதைகள், விரலில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் சீக்கிரம் போகாது. அந்த மசியலையும், துண்டு போட்ட தோலையும் 100 மில்லி வோட்காவில் போட்டு ஐந்து நாள் வைத்தேன், தினமும் ஒரு குலுக்கு. வோட்கா டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. தோலை மட்டும் கொதிநீரில் போட்டெடுத்த மஸ்லின் துணியில் முடிந்து, எல்லாவற்றையும் ஃபெர்மென்டரில் (பீர் நொதிக்கும் பாத்திரம்) சேர்த்தேன். இரண்டே காய்தான்.

முதல் நாள் வோட்காதான் தெரிந்தது. மூன்றாம் நாள் காபி வாடைக்குப் பின்னால் மெதுவாக எட்டிப் பார்த்தது. ஆறாம் நாள் வறுத்த மால்ட்டும் வெனிலாவும் ஒன்றாகவே நாக்கில் இறங்கின. அன்றே துணியை எடுத்துவிட்டுப் பாட்டிலில் அடைத்தேன். எத்தனை நாள் என்று என்னைக் கேட்டால் கணக்கு சொல்ல மாட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், அது சொல்லும்.

மறுமொழி

நன்றி நண்பரே, அந்தத் துவர்ப்பு எனக்கும் பழக்கம். நான் காயை விட்டுவிட்டு எக்ஸ்ட்ராக்ட் (கடையில் விற்கும் வெனிலா சாறு) பக்கம் போய்விட்டேன். பாட்டிலில் அடைக்கிற அன்று நான்கு கிளாஸில் 100 மில்லி வீதம் ஸ்டவுட் ஊற்றுவேன். ஒன்றை அப்படியே விட்டு, மற்றவற்றில் ஊசி போடும் சிரிஞ்சால் 0.1, 0.2, 0.3 மில்லி எக்ஸ்ட்ராக்ட் விடுவேன். கடைசியாகச் செய்ததில் 0.2 பிடித்தது, அந்தக் கணக்கில் 19 லிட்டருக்கு 38 மில்லி. துளி கூடினாலும் தெரியும், அதனால் சிரிஞ்ச் இல்லாமல் செய்யாதீர்கள்.

லேபிளைப் படியுங்கள். செயற்கை எசென்ஸ் என்றால் அதில் எத்தில் வெனிலின் இருக்கலாம், வெனிலினைவிட இரண்டு மூன்று மடங்கு காட்டமானது. சர்க்கரை சேர்த்த எசென்ஸாக இருந்தால் பாட்டிலுக்குப் போடும் சர்க்கரைக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வாயு ஏறிவிடும்.

இன்னொன்று, ருசி பார்க்கும்போது ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்துவிட்டு வெனிலா போதவில்லை என்று இன்னும் ஊற்றிவிட்டேன். 12 டிகிரிக்கு வந்ததும் பீர் முழுக்க வெனிலாதான்.

மறுமொழி

லாக்டோஸ் இல்லாத டிரை (இனிப்பு குறைந்த) ஸ்டவுட்டில் போட்டவன் நான். 1.010-இல் முடிந்தது, வறுத்த பார்லியின் கசப்பு நன்றாகவே இருந்தது. மூக்கில் கேக் மணக்கிறது, வாயில் வைத்தால் கசக்கிறது. குடித்த எல்லோரும் "ஏதோ ஒட்டவில்லை" என்றார்கள். வெனிலாவுக்கென்று இனிப்பு கிடையாது, காயை மென்று பார்த்தால் தெரியும். இனிப்பு பீரில் இருந்தால்தான் அது தூக்கிக் காட்டும். லாக்டோஸ் போட்டால், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். ஈஸ்ட் அதைத் தின்னாது, அப்படியே பீரில் இருக்கும்.

மறுமொழி

முதலில் எழுதியவன்தான். 12 டிகிரி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. என் இரண்டாவது ஸ்டவுட்டில் மீதி இருந்த ஒரு பாட்டிலை நேற்று குளிர் விட்ட பிறகு குடித்தேன், துவர்ப்பு சற்று அடங்கித்தான் இருந்தது. இப்போது ஒரு ஓட்மீல் ஸ்டவுட் நொதித்துக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் பாதியாகப் பிரித்து, ஒன்றில் ஒரே ஒரு காய், மற்றதில் சிரிஞ்ச் கணக்கில் எக்ஸ்ட்ராக்ட். பாட்டிலில் ஒரு மாதம் இருந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துவிட்டு எழுதுகிறேன்.