லீஃப் 50க்கு மேல இழுக்குதில்லை: மோட்டாரோ பற்றரியோ?

கொக்குவிலான்:
2013 நிசான் லீஃப் மின்சாரக் கார், பற்றரி 24 கிலோவாற்று மணி. வெளிக்கிடேக்க நல்லாப் பாயுது. ஏ9இல் பரந்தன் தாண்டி லொறியை முந்த 50இல் இருந்து 80க்கு ஏத்தினால் சோர்ந்துபோகுது. சார்ச் 30 வீதத்துக்குக் கீழ எண்டால் இன்னும் மோசம். எச்சரிக்கை லைற் ஒண்டும் எரியேல்லை. அக்சிலேற்றர் வயரில பூட்டுற பெட்டி ஒண்டு விக்கினம், அது வலுவைக் கூட்டுமோ?

மின்வலு:
கூட்டாது. அந்தப் பெட்டி, பாதி மிதிச்சதை முழுக்க மிதிச்சதாக் காட்டும், அவ்வளவுதான். காசை வீணாக்காதேங்கோ.

மோட்டார் 80 கிலோவாற்று, 254 நியூற்றன் மீற்றர். மணிக்கு ஏறக்குறைய 43 கி.மீ. வேகம் வரைக்கும் இழுவையைக் கட்டுப்படுத்துறது மோட்டாரின்ர முறுக்குவிசை (சுத்துற விசை), அதுக்கு மேல பற்றரி குடுக்கிற வலு. பற்றரி 50 கிலோவாற்றுத்தான் குடுக்குது எண்டால் அந்த 43 கி.மீ. எல்லை 27க்கே இறங்கிவிடும். அதாலதான் தொடக்கத்தில ஒரு குறையும் தெரியாது, முந்தேக்க மட்டும் தெரியும். மோட்டாரில சந்தேகப்பட வேண்டாம்.

காரணம் அகத்தடை, அதாவது பற்றரிக்கு உள்ளேயே இருக்கிற மின்தடை. முழு வலுவில 240 அம்பியர் அளவில இழுக்கும். பற்றரியின்ர தடை 0.1 ஓம் எண்டால் 24 வோல்ற்று விழும். பழசாகி 0.2 ஆனால் 48 வோல்ற்று, 96 சோடி செல்லுக்கும் பிரிச்சால் ஆளுக்கு அரை வோல்ற்று. சார்ச் குறைஞ்ச நேரம் செல் ஏற்கெனவே கீழ நிக்கும், அதுக்குமேல அரை வோல்ற்று விழ விடாமல் கணினி வலுவை வெட்டுது.

சுன்னாகம் வயர்மன்:
முதல்ல ஈகோவை (சார்ச் மிச்சம் பிடிக்க இழுவையைக் குறைக்கிற முறை) நிப்பாட்டி, ரயரில 36 பிஎஸ்ஐ காத்து இருக்கோ எண்டு பாருங்கோ. ஓடி நிப்பாட்டின உடனே நாலு சில்லையும் தொட்டுப் பாருங்கோ, ஒண்டு மட்டும் சுட்டால் பிறேக் பிடிச்சுக்கொண்டு நிக்குது.

பிறகு காரின்ர ஓபிடி சொக்கெற்றில (கணினித் தகவல் எடுக்கிற இடம்) பூட்டுற புளூரூத் கருவியோட, போனில லீஃப்ஸ்பை அப் போட்டுப் பாருங்கோ. நிண்ட இடத்தில பாத்துப் பயனில்லை. சார்ச் 30 வீதத்தில, வெறும் றோட்டில முழுக்க மிதிக்கேக்க பக்கத்தில இருக்கிறவர் செல் வரைபடத்தைப் பாக்கவேணும். எல்லாம் ஒண்டாக் கீழ வந்தால் முழுப் பற்றரியும் கிழடு. ஒண்டு ரெண்டு மட்டும் விழுந்தால் திருத்தலாம்.

கொக்குவிலான்:
பாத்தன் அண்ணை. நிக்கேக்க வித்தியாசம் 25 மில்லிவோல்ற்று. மிதிச்சால் ஒரு சோடி மட்டும் மற்றதுகளை விட 350 மில்லிவோல்ற்று கீழ போகுது.

சுன்னாகம் வயர்மன்:
அப்ப நல்லது. பற்றரிக்குள்ள மொடியூல் எண்டு செல் அடைச்ச பெட்டி 48, ஒவ்வொண்டிலயும் ரெண்டு சோடி. பழுதானது எது எண்டு மல்ரிமீற்றரால உறுதிசெய்யவேணும். அதுக்கு முதல் அந்த இடத்து செப்புப் பட்டையின்ர நட்டைப் பாக்கச் சொல்லுங்கோ. பற்றரியை முந்தி ஆரும் திறந்திருந்தால் தளர்ந்த நட்டும் இதே மாதிரித்தான் காட்டும்.

புது மொடியூல் போடாதேங்கோ, மற்றதுகளுக்குக் கிட்டின கொள்ளளவுள்ள பழசைத் தேடுங்கோ. பூட்ட முதல் வோல்ற்றைச் சரிசமனாக்கவேணும். பற்றரி 300 கிலோவுக்குக் கிட்ட, லிஃப்ற் இல்லாத இடத்தில இறக்க விடாதேங்கோ. சேவிஸ் பிளக்கை (பற்றரியின்ர உயர் மின்னைத் துண்டிக்கிற பிளக்) கழட்டிப் 10 நிமிசம் பொறுக்கவேணும், 1000 வோல்ற்றுக் கையுறை இல்லாத ஆளிட்டக் குடுக்கவே குடாதேங்கோ தம்பி, அது 360 வோல்ற்று நேர்மின்னோட்டம்.

மின்வலு:
அதுவரைக்கும் 40 வீதத்துக்குக் கீழ இருக்கேக்க லொறியை முந்த வெளிக்கிடாதேங்கோ. மத்தியான வெயிலில குயிக் சார்ச் போட்ட கையோட வேகமா ஓடுறதையும் தவிருங்கோ, இந்தப் பற்றரிக்குக் குளிராக்க விசிறியோ தண்ணியோ கிடையாது.