சூடானா டக்குனு ஆஃப் ஆகுற 1969 எம்ஜி மிட்ஜெட்: கரன்ட்டா, பெட்ரோலா?

காட்பாடி_டூசீட்டர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க தாய்மாமாகிட்ட இருந்து வந்த வண்டி, 1969 மிட்ஜெட் (ரெண்டு சீட் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), 1275 சிசி, ரெண்டு எஸ்யூ கார்புரேட்டர், பாயின்ட்ஸ் (காயில் கரன்ட்ட விட்டு விட்டு போக வெக்கற தொடுமுனை) வெச்ச லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர், நெகட்டிவ் எர்த் (பேட்டரி மைனஸ் பாடில). காலைல எடுத்தா அருமையா ஓடுது, பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர் பக்கம் போகசொல்ல இன்ஜின் நல்லா சூடேறிடுச்சுன்னா திடீர்னு ஆஃப். திக்கித் திணறி நிக்கல, சாவிய யாரோ திருப்புன மாதிரி நிக்குது, கியர்ல வண்டி உருண்டுகினு இருக்கசொல்லவே ஆர்பிஎம் முள் ஜீரோக்கு விழுந்துடுது. ரோட்டோரம் அரை மணி நேரம் நிறுத்தி வெச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயின்ட்ஸ் செட்டு எல்லாம் புதுசு. இங்க ஒரு மெக்கானிக் கார்புரேட்டர மாத்தணும்னு சொல்றாரு, எனக்கு மனசு ஒப்பல. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

பாலாறு_மணல்:
நம்ம ஊர் கத்திரி வெயில்ல பெட்ரோல் தான் ப்ரோ முதல் சந்தேகம். அந்த இன்ஜின்ல கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம், நடுவுல ஒரு ஹீட் ஷீல்டு தகடு தான். இப்ப பங்க்ல வர்ற இ20 பெட்ரோல்ல எத்தனால் வேற, கிரீன் சர்க்கிள் டிராபிக்ல நின்னா கேக்கவே வேணாம், கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் பவுல்லயே கொதிக்கும். அந்தத் தகடு இருக்கான்னு பாருங்க, பழைய வண்டில யாராச்சும் கழட்டிப் போட்டிருப்பாங்க.

பழைய_ஸ்பானர்_ஆற்காடு:
தம்பி, கார்புரேட்டர்ல கைய வெக்காத. பெட்ரோல் கொறைஞ்சு நிக்கிற வண்டி இழுத்து இழுத்து, குலுங்கி தான் நிக்கும், முள்ளும் இன்ஜின் கூடவே மெதுவா இறங்கும். உன் வண்டில இருக்கறது எலக்ட்ரிக் முள், காயில்ல போற கரன்ட்டு விட்டு விட்டு போறத எண்ணித்தான் காட்டுது, இன்ஜின் சுத்தசொல்லவே அது ஜீரோன்னா காயிலோட பிரைமரி பக்கம், அதாவது 12 வோல்ட் போற சுத்து, செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதனால பிளக், பிளக் வயர், மூடி, ரோட்டர் இதெல்லாம் அப்புறம்.

ஆறின வண்டில எத்தன மணி நேரம் தேடினாலும் ஒண்ணும் கெடைக்காது. நிக்கிற எடத்துலயே, சூடு எறங்கறதுக்குள்ள பாக்கணும். டேஷ்போர்டுல ஒரு 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், ஒரு ஸ்பேர் கண்டென்சர் (பாயின்ட்ஸ்ல பொறி பறக்காம தடுக்கற சின்ன டப்பி), ரெண்டு முதலை கிளிப் போட்ட ஒயர் வெச்சுக்கோ. நின்ன உடனே காயில்ல வெள்ளை ஒயர் வர்ற முனைல லாம்ப வை, எரியலன்னா சாவி சுவிட்ச், இல்ல நடுவுல எங்கியோ லூஸ். எரிஞ்சா, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வெள்ளை-கறுப்பு ஒயர் முனைக்கு மாத்தி, ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லு. லாம்ப் மினுக் மினுக்னு மின்னினா பாயின்ட்ஸ் வேலை செய்யுது. எரிஞ்சுகினே இருந்தா பாயின்ட்ஸ்ல எர்த் கெடைக்கல, உள்ள தட்டுல இருக்கற சின்ன எர்த் ஒயர் அறுந்திருக்கும், வெளிய பாக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள கம்பி துண்டாகி இருக்கும். சுத்தமா எரியவே இல்லன்னா அந்த வெள்ளை-கறுப்பு ஒயர காயில்ல இருந்து கழட்டு. கழட்டினதும் எரிஞ்சா காயில் நல்லாருக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள எங்கியோ ஷார்ட், ஒண்ணு கண்டென்சர், இல்ல பாயின்ட்ஸ் ஸ்பிரிங் முனைல போடற பிளாஸ்டிக் வாஷர் மாறிப் போட்டிருக்கும். கழட்டியும் எரியலன்னா காயில் உள்ள அறுந்துடுச்சு.

இன்னொண்ணு, மீட்டர் இருந்தா காயில் பிரைமரி எத்தன ஓம்னு இப்பவே பாரு. சுமார் 3 ஓம் இருக்கணும். யாராச்சும் பேலஸ்ட் (கரன்ட்ட கொறைக்கற ரெசிஸ்டர்) இருக்கற வண்டிக்கான 1.5 ஓம் காயில நேரா 12 வோல்ட்ல மாட்டியிருந்தா ரெட்டிப்பு கரன்ட்டு இழுக்கும், 4 ஆம்பியர் போற எடத்துல 8, காயிலும் கொதிக்கும் பாயின்ட்ஸும் கருகும்.

ஏலகிரி_14வது_வளைவு:
இதெல்லாம் எதுக்கு, பாயின்ட்ஸுக்கு பதிலா எலக்ட்ரானிக் கிட் போட்டா தீந்துச்சு, கண்டென்சரே வேணாமே? நான் போட்டு நல்லா ஓடுது.

பழைய_ஸ்பானர்_ஆற்காடு:
கிட் நல்லது தான் சார், நான் வேணாம்னு சொல்லல. ஆனா கோளாறு காயில்லயோ சாவி சுவிட்ச்லயோ இருந்தா கிட் போட்டும் அதே எடத்துல தான் நிப்பாரு. அது ரோட்ல செத்தா ஆம்பூர்ல எந்தக் கடைலயும் கெடைக்காது. பாயின்ட்ஸ் வண்டிய உப்புத்தாள வெச்சே வீடு கொண்டு போய் சேக்கலாம்.

காட்பாடி_டூசீட்டர்:
அண்ணா, காயில் 3.1 ஓம். ஞாயித்துக்கிழமை மச்சானையும் கூட்டிகினு போனேன், வாணியம்பாடிக்கு முன்னாடியே நின்னுடுச்சு. வெள்ளை ஒயர்ல லாம்ப் எரியுது, வெள்ளை-கறுப்புல செல்ஃப் அடிச்சாலும் சுத்தமா எரியல, ஒயர கழட்டினா எரியுது. மூடிய தொறந்து கண்டென்சர் ஒயர மட்டும் விடுவிச்சு மறுபடி செல்ஃப் அடிச்சா மின்ன ஆரம்பிச்சுடுச்சு! கண்டென்சர் தான். கைய வெக்க முடியாத சூடு. ஸ்பேர வெளிய கிளிப் போட்டதும் ஸ்டார்ட் ஆச்சு, வீடு வரைக்கும் நிக்காம வந்துட்டோம். பாயின்ட்ஸ் செட்டோட வந்த புது கண்டென்சர் தான் இது, மாமா போட்டிருந்த பழசு டப்பால இருக்கு.

பழைய_ஸ்பானர்_ஆற்காடு:
ரொம்ப சந்தோஷம்பா. உள்ள ஷார்ட் ஆனத கழட்டாம வெளிய ஸ்பேர் போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல, நீ கழட்டிட்டு போட்டது சரி. பழச தூக்கிப் போடாத, அதயே மாட்டு, இப்ப வர்ற செட்டுல கண்டென்சர் தான் மட்டம். மாட்டிட்டு பாயின்ட்ஸ் கேப் 15 தௌ (இன்ச்சுல ஆயிரத்துல 15 பங்கு) வெச்சு டைமிங்கும் ஒரு தடவ பாத்துடு, கேப் மாறினா டைமிங்கும் மாறும். அவசரத்துக்கு அம்பாசடர் கண்டென்சர் போதும், சென்னை போகசொல்ல ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல கேட்டு ரெண்டு வாங்கி வெச்சுக்கோ.

பாலாறு_மணல்:
அப்பிடியே அந்த ஹீட் ஷீல்டு இருக்கான்னு சொல்லவே இல்லியே ப்ரோ?

காட்பாடி_டூசீட்டர்:
இருக்கு ப்ரோ, ஒரு போல்ட் மட்டும் இல்ல. நாளைக்கு போட்டுடறேன்.