கலிஃபோர்னியாவில் முதல் ஆண்டும் கட்டணமில்லாக் கல்லூரி வகுப்புகளும்

கணவரோ மனைவியோ எச்-1பி விசாவில் வேலைக்கு வர, அவருடன் எச்-4 விசாவில் கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஊரில் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, வேலை அனுமதி கிடைக்காத தொடக்கக் காலம் எவ்வளவு கனமானது என்பதை நான் அறிவேன். சான் டியேகோவுக்கு வந்த புதிதில் நானும் எட்டு மாதங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். எச்-4 விசாவில் இருப்பவர் இ.ஏ.டி. எனப்படும் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் கூடாது. படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இந்த ஒரு செய்தியை முதல் மாதத்திலேயே யாராவது சொல்லியிருந்தால், அந்த எட்டு மாதங்களும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இம்மாநிலத்தில் கம்யூனிட்டி கல்லூரிகள் எனப்படும் உள்ளூர் அரசுக் கல்லூரிகள் 116 இருக்கின்றன. அவற்றில் நடக்கும் வகுப்புகள் இரண்டு வகைப்படும். கிரெடிட் வகுப்புகள் பட்டத்துக்குக் கணக்கில் சேரும். பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் கட்டணம். ஆனால் அந்தத் தொகை கலிஃபோர்னியாவாசிகளுக்கு மட்டுமே உரியது. கல்வித் தவணை தொடங்கும்முன் ஓராண்டும் ஒரு நாளும் இங்கேயே வசித்திருக்க வேண்டும், இங்கேயே நிலைத்திருக்கும் எண்ணத்தையும் ஆவணங்களால் காட்ட வேண்டும். புதிதாக வந்தவரிடம் ஒரு யூனிட்டுக்குப் பல நூறு டாலர் கேட்பார்கள். விசாரிக்கப் போன இடத்தில் அந்தத் தொகையைக் கேட்டவுடன் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவள் நான். நம்மவர்களில் பலரும் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஏனென்றால், நான்கிரெடிட் எனப்படும் இரண்டாம் வகை வகுப்புகளுக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. வெளியூர்க்காரர் என்று கூடுதல் கட்டணமும் வாங்குவதில்லை. ஆகவே, வந்து இறங்கிய முதல் ஆண்டுக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலம், அடிப்படைக் கல்வி, குடியுரிமைத் தேர்வுக்கான பயிற்சி, குறுகிய காலத் தொழிற்பயிற்சி, பெற்றோருக்கான வகுப்பு, முதியோருக்கான வகுப்பு என்று எவையெல்லாம் இவ்வகையில் வரலாம் என்பதை மாநிலச் சட்டமே வரையறுத்திருக்கிறது. சான் டியேகோவில் இதற்கென்றே தனியாக ஒரு கல்லூரி, சான் டியேகோ காலேஜ் ஆஃப் கன்டினியூயிங் எஜுகேஷன், இயங்குகிறது. 1914-இல் தொடங்கிய அதற்கு இப்போது ஏழு வளாகங்கள் இருக்கின்றன. மிரா மேசாப் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு மிரமார் வளாகம் அருகில் இருக்கும். கணக்குப் பதிவு, அலுவலகக் கணினி வேலை, தையல், சமையற்கலை, வெல்டிங், செவிலியர் உதவியாளர் பயிற்சி வரை அங்கே கற்றுத் தருகிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் சிட்டி காலேஜ், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே மவுண்ட் சான் அன்டோனியோ கல்லூரி, ஆரஞ்சு கவுன்டியில் நார்த் ஆரஞ்சு கன்டினியூயிங் எஜுகேஷன் ஆகியவையும் இதில் பெரிய அளவில் ஈடுபட்டவை. ஃப்ரீமான்ட், சன்னிவேல் பகுதிகளில் இருப்பவர்கள் பள்ளி மாவட்டங்கள் பெரியவர்களுக்காக நடத்தும் அடல்ட் ஸ்கூல்களையும் பார்க்கலாம். அங்கே சில தொழிற்பயிற்சிகளுக்குக் கட்டணம் இருக்கக்கூடும் என்பதால் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

ஆங்கில வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆங்கில வழியில் படித்த நமக்கு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் இ.எஸ்.எல். வகுப்பில் போய் உட்காருவது ஒரு குறையாகத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் படிக்கவும் எழுதவும் எனக்கு இருந்த பழக்கம், தொலைபேசியில் மருத்துவமனை வரவேற்பாளர் வேகமாகப் பேசியபோது உதவவில்லை. சேரும் முன் ஒரு தேர்வு வைத்து நிலையை முடிவுசெய்வார்கள். என்னை மேல்நிலை வகுப்பில் சேர்த்தார்கள். மெக்சிகோவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்தவர்கள் ஒரே மேசையில் அமர்ந்திருந்தோம். எங்களுக்குப் பொதுவாக இருந்த ஒரே மொழி ஆங்கிலம்தான் என்பதால் பேசாமல் இருக்கவே முடியவில்லை. நேர்காணலில் தன்னைப் பற்றிச் சொல்வது, செய்தி விட்டு வைப்பது, பெயரை எழுத்து எழுத்தாகத் தொலைபேசியில் சொல்வது என எல்லாவற்றையும் அங்கே பழகினேன். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகியிருந்ததால், முதல் வாரம் முழுவதும் ஆசிரியை என்னை அப்பாவின் பெயரைச் சொல்லியே அழைத்தார். அதை எழுந்து நின்று திருத்திச் சொன்ன நாளில்தான் எனக்குப் பேசும் துணிவு வந்தது. பேச்சிலும் கேட்பதிலும் தடையே இல்லாதவர்கள் இந்த வகுப்பில் நேரம் செலவிட வேண்டியதில்லை. நேராகத் தொழிற்பயிற்சிக்குப் போகலாம்.

விண்ணப்பம் இணையத்திலேயே முடிந்துவிடும். இ.ஏ.டி. இல்லாத எச்-4 விசாவினருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. அந்த எண் இல்லை என்று குறிப்பிட்டுவிட்டுத் தொடரலாம், அதற்காகத் தயங்க வேண்டாம். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். பின்னாளில் சான்றிதழில் அதே பெயர்தான் அச்சாகும். ஆங்கில வகுப்புகள் பலவற்றில் தவணையின் நடுவிலும் சேர்ந்துகொள்ளலாம், தொழிற்பயிற்சிகளில் பெரும்பாலும் அப்படி முடியாது. கல்விக் கட்டணம் இல்லையென்றாலும் புத்தகம், சீருடை, வண்டி நிறுத்தம் போன்ற செலவுகள் வரலாம். செவிலியர் உதவியாளர் பயிற்சியில் கைரேகைப் பதிவும் மருத்துவப் பரிசோதனைகளும் உண்டு.

இலவசம்தானே என்று விருப்பம்போல் விடுப்பு எடுக்காதீர்கள் என்று இங்கே மிகவும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். இவ்வகுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு, மாணவர்கள் உண்மையில் வந்து அமர்ந்த மணிநேரத்தைக் கணக்கிட்டுத்தான் மாநில அரசு கல்லூரிக்குப் பணம் தருகிறது. வருகை குறைந்தால் வகுப்பையே மூடிவிடக்கூடும். அப்போது இரவு வேலை முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வருகிறவரின் படிப்பும் சேர்ந்து நின்றுபோகும். வர இயலாத நிலை ஏற்பட்டால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள்.

விசா வகையைப் பொறுத்துச் சில எச்சரிக்கைகள் உண்டு. எஃப்-1 மாணவர்கள் தங்கள் முழுநேரப் படிப்புக்கு நான்கிரெடிட் வகுப்புகளைக் கணக்குக் காட்ட முடியாது. பி-2 விசாவில் நம்மோடு சில மாதங்கள் தங்க வரும் அம்மா அப்பாவைக் கல்லூரியின் ஆங்கிலப் படிப்பில் சேர்க்காதீர்கள். பார்வையாளர் விசாவில் வந்தவர் படிப்பில் சேர அனுமதி இல்லை. ஊர் நூலகங்கள் நடத்தும் உரையாடல் குழுக்கள் அவர்களுக்குப் போதும். எச்-4 விசாவில் இருப்பவர்கள், பயிற்சி என்ற பெயரில் ஒரு நிறுவனத்தின் அன்றாட வேலையைச் சம்பளமின்றிச் செய்து தருவதற்கும் ஒப்புக்கொள்ளக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படிச் செய்யத் தொடங்கிவிட்டு, வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு அச்சத்தோடு நிறுத்தினார்.

தொடர்புடைய வகுப்புகளை வரிசையாக முடித்தால் சான்றிதழ் தருவார்கள். அது எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைச் சேரும்முன் ஆலோசகரிடம் கேட்டுவிடுங்கள். நான்கிரெடிட் மாணவர்களுக்கும் ஆலோசகர் உண்டு. கணக்குப் பதிவு போன்ற துறைகளில், குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் தெரியும் என்று காட்டுவதற்கு அந்தச் சான்றிதழே உதவும், பி.காம். படித்துவிட்டு வந்த எனக்கு, வேலை அனுமதி கிடைத்தபோது, சுயவிவரக் குறிப்பில் வெற்றிடமாக இருந்திருக்க வேண்டிய ஆண்டை நிரப்பியதும் அதுதான். ஆனால் உரிமம் பெற்ற குழந்தைகள் மையத்தில் ஆசிரியராக விரும்புபவரிடம் பொதுவாகக் குழந்தைக் கல்வியில் 12 யூனிட் கேட்பார்கள்; நான்கிரெடிட் வகுப்பில் யூனிட் கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் முதல் ஆண்டில் ஆங்கிலத்தையும் கணினியையும் இங்கே முடித்துக்கொண்டு, ஓராண்டும் ஒரு நாளும் நிறைந்ததும் 46 டாலர் கட்டணத்தில் கிரெடிட் வகுப்புக்கு மாறுவது நல்லது. எச்-4 விசாவில் இருப்பவர்கள் கலிஃபோர்னியாவாசி என்ற தகுதியைப் பெற முடியும். ஆகவே வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு, மாநில வருமான வரிப் படிவம் ஆகியவற்றில் உங்கள் பெயரும் இடம்பெறுமாறு பார்த்துக்கொண்டு, விமானத்திலிருந்து இறங்கிய தேதியைக் காட்டும் ஐ-94 என்ற வருகைப் பதிவின் நகலோடு சேர்த்து, இன்றே ஒரு கோப்பில் வைக்கத் தொடங்குங்கள்.