கரீபியன் வர்த்தகப் பேச்சுவார்த்தை: சின்ன கம்பெனி என்ன எழுதிக் கொடுக்கணும்?

சாஸ்கணக்கு:
பார்படோஸ்ல ஒரு சின்ன மிளகாய் சாஸ் கம்பெனியில கணக்கு பார்க்கிறேன். பிராந்திய அளவுல தடையற்ற வர்த்தகப் பேச்சுவார்த்தை வரப்போகுதாம், "உங்க நிலைப்பாட்டை எழுத்துல கொடுங்க"ன்னு அரசுத் தரப்புல கேட்டிருக்காங்க. முதலாளியோ, "வெளிச் சரக்கு உள்ளே வரக் கூடாதுன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடு, போதும்"ங்கிறார். எனக்கு அது சரியாப் படல. மிளகாய் உள்ளூர்ல வாங்குறோம். கடுகு, கண்ணாடி பாட்டில் ரெண்டும் இறக்குமதி. பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க.

துறைமுகத்தான்:
போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல சுங்க ஏஜென்ட் வேலை பார்த்தவன் நான். உங்க முதலாளி சொல்ற அந்த ஒரு வரியை எல்லாக் கம்பெனியும்தான் அனுப்பும். பேசப் போறவங்களுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்லை. எதிர்த்தரப்பு "எந்தச் சரக்கு, எந்த எச்எஸ் எண் (சுங்கத்துல சரக்கை வகைப்படுத்துற எண்), வரி குறைக்க எத்தனை வருஷம்"னுதான் கேட்கும். அதுக்குப் பதில் உங்க கடிதத்துல இருக்கணும்.

உங்க சாஸ் 2103-ங்கிற எச்எஸ் தலைப்புல வரும். சுங்க வரியைவிட முக்கியம் மூல விதி, அதாவது வரிச் சலுகைக்கு எதை நம்ம ஊர்ச் சரக்குன்னு ஒத்துக்குவாங்கங்கிறது. 2008 அக்டோபர்ல உங்க பிரிட்ஜ்டவுன்லயே கரீபியன் நாடுகளுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் கையெழுத்தான ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்க. வெளியிலிருந்து வாங்குற பொருள் சாஸோட அதே தலைப்புல, அதாவது அதே நாலு இலக்க எண்ணுல, இருக்கக் கூடாது. பாட்டில் 7010, கவலையில்லை. ஆனா தயாரிச்ச கடுகு விழுதும் அதே 2103! கடுகு போட்ட மஞ்சள் சாஸ் அங்கேயே அடிபட்டிருக்கணும். "இருந்தாலும் கடுகு மாவு, தயாரித்த கடுகு பயன்படுத்தலாம்"னு ஒரு விலக்கு இருக்கிறதால தப்பிச்சுது. அதுகூட நமக்காகப் போட்டது இல்லை, ஐரோப்பாக்காரங்க வழக்கமா எழுதுறதுதான். அடுத்த ஒப்பந்தத்துலயும் இருக்கும்னு என்ன நிச்சயம்? கடிதத்துல முதல் பத்தியே இந்த விலக்கு வேணும்ங்கிறதுதான்.

வாய்தா:
எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? தீவுக்குத் தீவு தனியா நிபுணர் வச்சுக் கட்டுப்படியாகாதுன்னு 1997-ல பேச்சுவார்த்தைக்குன்னே பிராந்திய அமைப்பு ஆரம்பிச்சாங்க. பலன் என்ன? 34 நாடுகள் சேர்ந்த அமெரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தகத் திட்டம் 2005-ல முடங்கிச்சு. கனடாவோட பேசினதும் ஒப்பந்தமாகல. ஐரோப்பா வரியை எடுத்தது, சரி. ஆனா லேபிளுக்கும் உணவுச் சோதனைக்கும் காசு இருக்கிறவன்தானே அங்கே போக முடியுது?

துறைமுகத்தான்:
கடைசியா சொன்னது நியாயம். அப்போ சோதனைச் செலவையும் கடிதத்துல எழுதுங்க, உதவி கேளுங்க. மத்தபடி, அந்த ஐரோப்பிய ஒப்பந்தத்துல நம்ம பக்கம் வரி குறைக்க சில சரக்குக்கு 25 வருஷம் வரைக்கும் அவகாசம் வாங்கியிருக்காங்க. சிலதை முழுசா விலக்கியே வச்சிருக்காங்க. எதை அந்தப் பட்டியல்ல போடுறதுன்னு முடிவு பண்றவங்க முன்னாடி நம்ம காகிதம் இல்லைன்னா, காகிதம் கொடுத்தவன் சரக்குதான் ஏறும்.

சாஸ்கணக்கு:
நன்றி அண்ணே. பாட்டில் மேல இருக்கிற வரி குறைஞ்சா நமக்கும் லாபம்தானேன்னு சொன்னதும்தான் முதலாளி காது கொடுத்தார். இப்போ வேற பயம்: விற்பனைக் கணக்கைக் கொடுத்தா போட்டிக் கம்பெனி கைக்குப் போயிடுமாம்.

துறைமுகத்தான்:
விலை, வாடிக்கையாளர் பேர் எதுவும் வேண்டாம். ஒரு பாட்டில் சாஸோட அடக்கச் செலவுல உள்ளூர்ச் சரக்கு எத்தனை சதவீதம், இறக்குமதி எத்தனை சதவீதம், இது போதும். உற்பத்தியாளர் சங்கம் வழியா, கம்பெனி பேர் இல்லாம மொத்தக் கணக்காவும் கொடுக்கலாம். வினிகர் எங்கே வாங்குறீங்க? அதைச் சொல்லவே இல்லையே. அதுவும் இறக்குமதின்னா அந்த இறக்குமதிக் கணக்குல சேர்த்துக்குங்க.