தங்கச்சி நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகணும்னு நிக்குது, அந்த நாடு நெஜமா எப்படிங்க?

பாலக்கோட்டான்

வணக்கங்க. நான் பாலக்கோடு பக்கம். எங்க பாப்பா (தங்கச்சிதான், வீட்ல அப்படித்தான் கூப்புடுவோம்) பிஎஸ்சி நர்சிங் முடிச்சிட்டு ஓசூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில நாலு வருஷமா வேலை பாக்குது, சம்பளம் 19,000. கூட வேலை பாத்த கேரளா பொண்ணுங்க ரெண்டு பேரு ஜெர்மனி போயிட்டாங்க, அதுலருந்து இதுக்கும் அதே நெனப்பு. இங்க ஒரு கன்சல்டன்சிக்காரர் அஞ்சரை லட்சம் கட்டுங்க, எட்டு மாசத்துல ஃப்ளைட் ஏத்திடறேன், மாசம் மூணு லட்சம் சம்பளம்னு சொல்றாரு. அப்பா தக்காளி போடுற ஒன்னேகால் ஏக்கர அடமானம் வெக்கலாம்னு பத்திரத்த வெளிய எடுத்துட்டாரு.

துபாய், சிங்கப்பூர்னா ஊருக்கு நாலு பேரு இருக்காங்க, கேட்டுக்கலாம். ஜெர்மனி போனவங்க எங்க சுத்துவட்டாரத்துல யாரும் இல்லீங்க. ஜனங்க எப்படி, பொண்ணு தனியா இருக்க முடியுமா, மூணு லட்சத்துல கைல எவ்ளோ நிக்கும், அங்க பொருளாதாரம் படுத்துக்கிச்சுன்னு யூட்யூப்ல ஒருத்தர் பேசினாரு அது நெஜமா, அப்படின்னா போன ஆறு மாசத்துல வேலையும் போயிடுமா? அடுத்த வாரம் பணம் கட்டணும்ங்கறாரு, அதான் கேக்கறேன்.

பென்னாகரம் சிஸ்டர்

தம்பி, மொதல்ல பத்திரத்த பீரோவுல திருப்பி வைங்க. நானும் நர்ஸ்தான், மேற்கு ஜெர்மனில நாலாவது வருஷம், சொந்த ஊரு பென்னாகரம் பக்கம். தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

சம்பளம்: அவர் சொல்ற மூணு லட்சம் பிடித்தத்துக்கு முன்னாடி உள்ள கணக்கு. இங்க முதியோர் பராமரிப்புல, படிப்ப அங்கீகாரம் பண்ணி வாங்கின நர்சுக்கு 2025 ஜூலை கணக்குப்படி மணிக்கு 20.50 யூரோவுக்கு கொறையக் கூடாதுன்னு சட்டம். வாரம் 39 மணி நேரம்னா மாசத்துக்கு 3,460 போல வரும், யூரோவ சுமாரா நூறு ரூபான்னு வெச்சிக்கோங்க. அதுல வருமான வரி, ஹெல்த் இன்சூரன்ஸ், பென்ஷன், வேலை போனா குடுக்கற இன்சூரன்ஸ், வயசான காலத்துக்கான பராமரிப்பு இன்சூரன்ஸ் எல்லாம் போயி கல்யாணம் ஆகாதவங்களுக்கு கைல ஏறக்குறைய 2,250 நிக்கும். எனக்கு ஹீட்டரோட சேத்து வாடகை 540, சாப்பாடு 230, போன், வீட்டுக்கு ஒன்னுன்னு டிவி இருந்தாலும் இல்லாட்டியும் கட்ட வேண்டிய ஒளிபரப்புக் கட்டணம் 18.36, நாடு பூரா லோக்கல் ரயில் பஸ் போற மாசப் பாஸ் 2026 கணக்குக்கு 63 (2023ல ஆரம்பிச்சப்ப 49தான்). துணிமணி, சில்லறை போக மாசம் 900 யூரோ மிச்சம் புடிக்கறேன். முனிச் மாதிரி ஊருன்னா வாடகையே இந்த கணக்க மாத்திடும்.

ஆனா இதெல்லாம் அங்கீகாரம் கெடைச்ச பிறகு. போன உடனே நம்ம பிஎஸ்சிய அப்படியே ஏத்துக்க மாட்டாங்க, நம்ம படிச்ச பாடம், மணிக்கணக்கு எல்லாத்தையும் இவங்க படிப்போட ஒப்பிட்டு, எங்கெங்க கொறையுதுன்னு ஒரு கடிதம் குடுப்பாங்க. அதுக்கு ஒன்னு பயிற்சிக்காலம் பண்ணணும், இல்லன்னா பரீட்சை எழுதணும். அது வரைக்கும் உதவியாளர் சம்பளம்தான், அதுக்கு அதே 2025 ஜூலை கணக்குல கொறஞ்சது மணிக்கு 16.10. எனக்கு 11 மாசம் ஆச்சு. இந்த 11 மாசத்த யாரும் எனக்கு முன்னாடியே சொல்லல, வட்டி கட்ட பணம் பத்தாம அம்மாவோட வளையல் பேங்குக்கு போச்சு. உங்க பாப்பாவுக்கு அது ஆகக்கூடாதுன்னுதான் இவ்ளோ எழுதறேன்.

பிடிக்கற காசு எங்க போகுதுன்னா, போன வருஷம் எனக்கு பித்தப்பைக்கல் ஆபரேஷன். நாலு நாள் ஆஸ்பத்திரி, நான் கட்டினது நாளுக்கு 10 யூரோ வீதம் 40 யூரோ. ரெண்டு வாரம் வீட்ல படுத்திருந்தேன், சம்பளம் முழுசா வந்துச்சு. உடம்பு சரியில்லன்னா ஆறு வாரம் வரைக்கும் கம்பெனி முழுச் சம்பளம் குடுக்கணும், அப்புறம் இன்சூரன்ஸ் ஒரு பங்கு குடுக்கும்.

வேலை விஷயம்தான் முக்கியமா சொல்லணும். நம்ம ஊர்ல நோயாளி கூட அம்மாவோ மச்சானோ படுத்திருப்பாங்க, குளிப்பாட்டறது, சோறு ஊட்டறது, பெட்பேன் வெக்கறது அவங்களோ ஆயாம்மாவோ பாத்துப்பாங்க. இங்க கூட யாரும் இருக்க மாட்டாங்க. காலைல எட்டு பத்து பேர எழுப்பி, தொடச்சி விட்டு, டயப்பர் மாத்தி, பல்செட் கழுவி மாட்டி, காபிக்கு உக்கார வெக்கறது நர்ஸ் வேலை. நம்ம ஊர்ல நாம தெனம் போடற ஐவி லைன் இங்க நெறைய எடத்துல டாக்டர் போடுவாரு. அதனால நம்ம பொண்ணுங்க நெறைய பேரு மொத மூணு மாசம் படிச்சதெல்லாம் வீணாப் போச்சுன்னு அழுவாங்க. நானும் அழுதேன். அப்புறம் ஒரு பாட்டிக்கு முதுகு தேய்ச்சி விட்டுட்டு இருக்கும்போதே தோல்ல படுக்கைப்புண் ஆரம்பிக்கறத கண்டுபுடிச்சேன், அன்னிக்குதான் இந்த ஊர்ல ஏன் இத நர்சு கைல குடுத்து வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது.

அப்புறம் பாஷை. ஏ1, ஏ2, பி1, பி2ன்னு பாஷைப் பரீட்சை படிப்படியா ஏறும், விசாவுக்கு பொதுவா பி1, அங்கீகாரத்துக்கு பி2. சர்டிபிகேட் ஒரு பக்கம், வார்டு ஒரு பக்கம். ஒரு தாத்தா "மிர் இஸ்ட் ஷ்லெஷ்ட்"னு சொன்னாரு, ஷ்லெஷ்ட்னா மோசம்னு படிச்சிருந்தேன், மனசு சரியில்ல போலன்னு கைய புடிச்சி ஆறுதல் சொல்லிட்டு நின்னேன், அவரு படுத்தபடியே வாந்தி எடுத்தாரு. அப்படி சொன்னா கொமட்டுதுன்னு அர்த்தமாம். மூச்சுக்குழாய்ல போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னிக்கும் நெனச்சா பதறுது. எட்டு மாசத்துல ஏத்திடறேன்னு சொல்றவரு இந்த பாஷைய எட்டு மாசத்துல சொல்லித் தரப்போறாரான்னு கேளுங்க தம்பி. வேலை பாத்துட்டே படிச்சா ஒரு வருஷம், ஒன்னரை வருஷம் ஆகும்.

சிப்காட் டு ஸ்டுட்கார்ட்

அக்கா நர்சிங் பக்கம் நல்லா சொல்லிட்டாங்க, நான் பொருளாதாரம் பத்தி சொல்றேன். ஓசூர்ல டூல்ரூம்ல இருந்தேன், இங்க வந்து மூன்றரை வருஷ அவுஸ்பில்டுங் முடிச்சி இப்ப மெஷின் மெயின்டனன்ஸ். அவுஸ்பில்டுங்னா நம்ம அப்ரென்டிஸ் மாதிரி, வாரத்துல ஒன்னு ரெண்டு நாள் ஸ்கூல், மீதி நாள் கம்பெனி, படிக்கும்போதே சம்பளம்.

ஜெர்மனில 8.4 கோடி பேரு, நம்ம தமிழ்நாட்ட விட கொஞ்சம் அதிகம், ஆனா நெலம் ரெண்டே முக்கால் மடங்கு. அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து மூணாவது பெரிய பொருளாதாரம். கார், மெஷின், கெமிக்கல் செஞ்சி வெளிநாட்டுக்கு விக்கறதுதான் பொழப்பு. பெரிய பேருங்க நமக்கு தெரியும், ஆனா நாட்ட தாங்கறது குடும்பமா நடத்தற நடுத்தர கம்பெனிங்க, நம்ம சிப்காட்ல லாரிக்கும் பைக்குக்கும் பார்ட்ஸ் போடற யூனிட்டுங்க மாதிரி, ஒரே ஒரு வால்வ மட்டும் எழுவது வருஷமா செஞ்சி உலகத்துக்கே அனுப்புவாங்க, அதுவும் ஆயிரம் பேரு இருக்கற ஒரு கிராமத்துல இருந்துகிட்டு.

யூட்யூப்ல சொன்னது பொய்யில்ல. 2023லயும் 2024லயும் பொருளாதாரம் சுருங்கிச்சு. ரஷ்யாலருந்து மலிவா வந்த கேஸ் உக்ரைன் போருக்கு அப்புறம் நின்னு போச்சு, கரண்ட் செலவு ஏறிச்சு, எலக்ட்ரிக் கார்ல சீனாக்காரன் முந்திட்டான். எங்க ப்ளான்ட்லயே ஷிஃப்ட் கொறைச்சாங்க. ஆனா வெளிய அனுப்பல, "குர்ட்ஸ்ஆர்பைட்"னு ஒரு ஏற்பாடு, வேலை நேரம் கொறஞ்சா அதனால கைக்கு வராம போற சம்பளத்துல 60 சதவீதத்த அரசு குடுக்கும், புள்ள இருந்தா 67. இன்ஜினியரிங் படிச்சிட்டு வேலை தேடி வர்றவங்களுக்கு இப்ப கஷ்டகாலம்தான், அத மறைக்க வேணாம்.

நர்ஸ் கதை வேற. அஞ்சு பேருல ஒருத்தருக்கு மேல 65 வயசு தாண்டினவங்க, ஐம்பதுகள் அறுபதுகள்ல பொறந்த பெரிய கூட்டம் இப்பதான் ரிட்டயர் ஆகுது, புள்ளைங்க கம்மி. கார் விக்காட்டியும் பாட்டிய பாத்துக்க ஆள் வேணும். அதனாலதான் 2024 அக்டோபர்ல இந்தியர்களுக்கான திறன்மிகு வேலை விசாவ வருஷம் 20,000ல இருந்து 90,000 வரைக்கும் ஏத்தறதா அறிவிச்சாங்க. மூணு வருஷம் வேலை, பென்ஷன் கட்டினது, பி1 இருந்தா நிரந்தர வசிப்புரிமை கேக்கலாம். குடியுரிமை அஞ்சு வருஷத்துல கேக்கலாம், ஆனா வாங்கினா நம்ம இந்தியா பாஸ்போர்ட்ட விட்டுடணும்.

இன்னொன்னு, கான்ட்ராக்ட்ல ஊர் பேர பாருங்க. 1990 வரைக்கும் இது ரெண்டு நாடு, பழைய கிழக்குப் பகுதில இன்னமும் சம்பளம் கொஞ்சம் கம்மி, வாடகையும் கம்மி, வெளிநாட்டுக்காரங்களும் கம்மி. 2025 பிப்ரவரி எலெக்ஷன்ல, குடியேற்றத்த எதிர்க்கற ஏஎஃப்டி கட்சி 20.8 சதவீதம் வாங்கி ரெண்டாவது வந்துச்சு, கிழக்குல அதுதான் மொத எடம். கிழக்குல சந்தோஷமா இருக்கற நம்ம ஆளுங்களும் உண்டு. ஆனா தெரிஞ்சிகிட்டு போறது வேற, போயி தெரிஞ்சிக்கறது வேற. என்ன ட்ராம்ல ஒருத்தன் உங்க ஊருக்கே போடான்னு சொல்லிருக்கான், அதே ட்ராம்ல ஒரு வயசான அம்மா எழுந்து அவன திட்டி எறக்கி விட்டாங்க. ரெண்டும் இந்த ஊருதான்.

பாலக்கோட்டான்

அக்கா, அண்ணா, கண்ணு கலங்கிடுச்சுங்க படிச்சப்ப. அப்பாவுக்கு முழுசா படிச்சி காட்டினேன். அந்த 11 மாசம் எடத்துல ரெண்டு தடவ நிறுத்தி படிக்க சொன்னாரு. கன்சல்டன்சிக்காரருக்கு போன் போட்டு அங்கீகாரம் பத்தி கேட்டேன், "அதெல்லாம் ஃபார்மாலிட்டி தம்பி"ன்னு வெச்சிட்டாரு. ஏஜென்ட் இல்லாம போக முடியுமாங்க? அம்மா கேக்கறது, நைட் டூட்டி முடிச்சி தனியா வரலாமா, களி சாப்புட்டு வளந்த புள்ள அங்க என்னத்த சாப்புடும்.

காவேரிப்பட்டணம் அம்மா

தம்பி, என் பொண்ணு ரெண்டு வருஷம் முன்ன போனா. மாங்கா தோப்ப குத்தகைக்கு விட்டு நாலரை லட்சம் ஒரு ஏஜென்ட் கிட்ட கட்டினோம், பேரு வேணாம். அங்க போனப்புறம்தான் தெரிஞ்சுது, கையெழுத்து போட்ட பேப்பர்ல மூணு வருஷத்துக்குள்ள அவ வேலை பாக்கற முதியோர் ஹோம விட்டா பல ஆயிரம் யூரோ திருப்பி கட்டணும்னு இருந்துச்சு. ஜெர்மன்ல இருந்துச்சு, எங்களுக்கு என்ன தெரியும். அந்த ஹோம்காரங்களும் ஏஜென்டுக்கு தனியா பணம் குடுத்திருக்காங்க, ரெண்டு பக்கமும் வாங்கிட்டான்.

அதுக்கப்புறம் அலைஞ்சி தெரிஞ்சிகிட்டது: இந்திய அரசோட இ-மைகிரேட் தளத்துல பதிவு பண்ணின ஏஜென்டானு நம்பர் கேட்டு தேடிப் பாருங்க. பதிவு பண்ணினவங்க வேலைக்கு போற ஆள் கிட்ட வாங்கக்கூடிய சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். சென்னை கிண்டில நம்ம மாநில அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, 1978ல ஆரம்பிச்சது, நர்சுங்களுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சியும் குடுக்கறாங்க, நேர்ல போயி கேளுங்க. ஜெர்மனிலயே நர்ஸ் எடுக்கறவங்களுக்கு நியாயமான ஆட்சேர்ப்புன்னு அரசு முத்திரை ஒன்னு இருக்கு, அது வாங்கினவங்க செலவ நர்ஸ் தலைல கட்டக்கூடாது, முதலாளிதான் குடுக்கணும். கேரளாக்காரங்க நோர்க்காங்கற அவங்க மாநில அரசு நிறுவனம் மூலமா ட்ரிபிள் வின்னுன்னு ஒரு திட்டத்துல செலவில்லாம போறாங்க, அதப் பாக்கும்போதுதான் எங்களுக்கு வயிறு எரிஞ்சுது.

பென்னாகரம் சிஸ்டர்

அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. ஏஜென்ட் இல்லாம போகலாம் தம்பி, பி2 கைல இருந்தா ஆஸ்பத்திரிக்கு நேரா மெயில் போட்டாலே பதில் வரும். செலவு பண்ணணும்னா பாஷைக்கு மட்டும் பண்ணுங்க. பாப்பா ஓசூர்ல இருக்கறதால பெங்களூரு மேக்ஸ் முல்லர் பவன் (ஜெர்மன் சொல்லித் தந்து பரீட்சை வெக்கற கோயத்தே நிறுவனம்) கிட்டத்தான், ஆன்லைன் கிளாசும் இருக்கு. கோயத்தே பரீட்சைல படிக்கறது, கேக்கறது, எழுதறது, பேசறதுன்னு நாலு பாகம், பி1, பி2ல ஒரு பாகம் போனா அத மட்டும் திரும்ப எழுதலாம், அதுக்காக பயப்பட வேணாம். விசா கட்டணம் 75 யூரோதான்.

அம்மா கிட்ட சொல்லுங்க, நைட் டூட்டி முடிச்சி நான் தனியாத்தான் பஸ்ல வர்றேன், பயந்து வந்த நாள் இல்ல. ஒரு ஷிஃப்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 11 மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு சட்டம் இருக்கு, எங்க வார்டுல அத மதிக்கறாங்க. பயம் வேற மாதிரி. டிசம்பர்ல காலைல எட்டு மணிக்குதான் விடியும், நாலரைக்குள்ள இருட்டிடும், ஞாயித்துக்கிழமை கடை எல்லாம் மூடிடும், பக்கத்து வீட்டுக்காரங்க ஹலோ சொல்லுவாங்க ஆனா கதவ தட்டி வர மாட்டாங்க. அந்த மொத குளிர்காலம் மனச அழுத்தும், அதுக்கு தயாரா வரணும்.

ராகி மாவு பெரிய ஊர் இந்தியன் கடைல கெடைக்குது, களிக்கட்டை மட்டும் நான் ஊர்லருந்து கொண்டாந்தேன். கருவேப்பிலை, முருங்கக்கா எல்லாம் ஈழத்தமிழர் கடைல வரும். எண்பதுகள்ல போருக்கு தப்பி வந்தவங்க அவங்க, இன்னிக்கு நம்ம தமிழ் இங்க நிக்கறதே அவங்களாலதான், புள்ளைங்களுக்கு வாரக்கடைசில தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தறாங்க. ஹாம்ங்கற ஊர்ல காமாட்சி அம்மன் கோயில் கட்டி 2002ல கும்பாபிஷேகம் பண்ணினாங்க, கோபுரத்தோட நெசமான கோயில், தேர் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்குல கூட்டம். போன வருஷம் தேர் அன்னிக்கு ஒரு யாழ்ப்பாணத்து அம்மா என்ன பாத்து "பிள்ளை, சாப்பிட்டியோ"ன்னு கேட்டாங்க, வடம் புடிச்சிட்டே அழுதுட்டேன்.

பாப்பா ஏ1 முடிச்சதும் இங்கயே சொல்லுங்க தம்பி. ஞாயித்துக்கிழமை எனக்கு பெரும்பாலும் லீவு, போன்ல ஜெர்மன்லயே பேசி பழகலாம், வார்டுல வர்ற வார்த்தைங்க ஒரு நோட்டு நெறய எழுதி வெச்சிருக்கேன், போட்டோ எடுத்து அனுப்பறேன்.