கணினியை கை வைக்காமல் ஓட்டுகிறவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

தலையாட்டிப் பொம்மை:

நானே தொடங்கிவைக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்ததில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது. முழங்கையை மடக்க முடியும், விரல்கள் வேலை செய்யாது. ஓர் ஆடிட்டரிடம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். இப்போதும் அதே ஆடிட்டர், அதே எக்செல். மவுஸ் மட்டும் கழுத்துக்கு மேலே ஏறிவிட்டது.

முதலில் பழகியது, லேப்டாப் கேமராவை வைத்தே ஓடும் ஓர் இலவச மென்பொருள். மூக்கு நுனியை அதற்குக் காட்டிவிட்டால் மூக்கு போகும் பக்கம் அம்புக்குறி போகும். ஓரிடத்தில் ஒரு நொடி நிறுத்தினால் கிளிக். சித்தி காபி டம்ளரோடு குறுக்கே வந்தால் என் மூக்கை விட்டுவிட்டுச் சித்தியின் புடவை பார்டரைப் பிடித்துக்கொள்ளும். சித்தி அடுப்படிக்குத் திரும்பினால் அம்புக்குறியும் கூடவே கிளம்பித் திரை ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

கழுத்து வலிதான் பெரிய தொல்லை. முதல் மாதம் மாத்திரை போடாமல் தூக்கமில்லை. அம்புக்குறியின் வேகத்தைக் குறைத்து வைத்தால் குறி தப்பாது என்று நினைத்தேன். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகத் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. வேகத்தைக் கூட்டினேன். இரண்டு நாள் அம்புக்குறி தறிகெட்டு ஓடியது, அப்புறம் பழகிவிட்டது. இப்போது எதிரே இருப்பவருக்கு என் தலை ஆடுவதே தெரியாது.

தேடுகிறவர்களுக்கு: பாஸ்டன் கல்லூரியில் உருவான கேமரா மவுஸ், லினக்ஸிலும் ஓடும் இனேபிள் வயாகேம் இரண்டும் காசு கேட்காதவை. 2023இல் கூகுள் அறிவித்த கேம்ஃபேஸ் முகபாவத்தையும் கிளிக்காக எடுத்துக்கொள்ளும். தசைச் சிதைவு நோயோடு கேம் ஆடிவந்த லான்ஸ் கார் என்பவரின் கதையிலிருந்து பிறந்தது அது. அந்த வகையில் ஒரு எச்சரிக்கை. நான் சிரிப்பை கிளிக்காக வைத்துத் தொலைத்தேன். வீடியோ மீட்டிங்கில் ஆடிட்டர் ஒரு ஜோக் அடித்தார். மரியாதைக்குச் சிரித்தேன். அம்புக்குறி நின்றிருந்த இடம் சிவப்புப் பொத்தான். ஜோக் பிடிக்காமல் எழுந்து போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார் மனுஷன். இப்போது புருவத்துக்கு மாற்றிவிட்டேன்.

கண்ணால் ஓட்டும் கருவியையும் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்தேன். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், பார்த்த இடத்தில் அம்புக்குறி. ஆனால் நல்ல கருவியே அரை டிகிரி, ஒரு டிகிரி தள்ளித்தான் காட்டுகிறது. 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் ஒரு டிகிரி என்பது திரையில் ஒரு செ.மீ. எக்செல்லில் ஒரு வரிசையின் உயரமே சுமார் அரை செ.மீ.தான். ஒருவருடைய வரவை அடுத்தவர் கணக்கில் எழுதியதும், போதும் சாமி என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்ணை வைத்து ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வேலூர் மருமகள்:

தம்பி, எங்கள் வீட்டில் கண்ணைத் தவிர வேறு வழியில்லை. மாமனாருக்கு மோட்டார் நியூரான் நோய். கை போனது, பேச்சு போனது, தலையும் நிற்காது. கண் மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பது வருடம் தமிழாசிரியராக இருந்தவர்.

ஆரம்பத்தில் கணினியே இல்லை. ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் அட்டையில் எழுத்துகளை ஒட்டி முகத்துக்கு நேரே பிடிப்போம். அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறார் என்று அந்தப் பக்கம் நின்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். கேலியாகத் தோன்றலாம், கரண்ட் இல்லாத நாளில் இன்றைக்கும் அதுதான் துணை.

அப்புறம் கருவி வந்தது. கொண்டுவந்த ஆள் தன் கண்ணுக்கே அளவு எடுத்து, தானே "ஹலோ" அடித்துக் காட்டிவிட்டு, பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாமா பார்த்தால் ஒன்றும் நகரவில்லை. ஆளுக்கு ஆள் அளவு எடுக்க வேண்டும் என்பதே எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தைக் கருவி முகத்தில் அடிக்கிறது. விழியின் மேல் அது சின்னப் பொட்டாக மின்னும். அந்தப் பொட்டுக்கும் கருமணிக்கும் நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் பார்வை எங்கே என்று கணக்குப் போடுகிறது. திரையில் ஒவ்வொரு புள்ளியாகக் காட்டி அந்தக் கணக்கை அவரவர் கண்ணுக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. எங்கள் கிழக்கு ஜன்னலைக் காலையில் திறந்து வைத்தால் அன்றைக்குக் கருவி குருடு. மூக்குக்கண்ணாடி சரிந்தாலும் தகராறு, கட்டிலின் தலைமாட்டை இரண்டு விரல் உயர்த்தினாலும் தகராறு.

இதெல்லாம் ஒரு மாதத்தில் சரியாயிற்று. எழுத்துதான் படுத்தியது. தெரிந்த பையன் ஒருவன் ஆர்வத்தில் 247 எழுத்தையும் கட்டம் போட்டுக் கொண்டுவந்தான். ஒவ்வொரு கட்டமும் சுண்டைக்காய் அளவு. தம்பி சொன்ன அதே ஒரு செ.மீ. சிக்கல், "கூ"வைப் பார்த்தால் "கு" விழும். சரி, ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக மாற்றலாம் என்றோம். மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவரிடம் அதற்கு முடியாது என்று பொருள்.

கடைசியில் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, அவ்வளவுதான் முக்கியம், கட்டங்களைப் பெரிதாக வைக்கலாம். மகரத்தை இரண்டு முறை தொட்டால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. "அம்மா" என்பது அ, ம, ம, ஆ என்று நாலே பார்வை. விரலால் அடிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஓர் எழுத்துக்கு ஒன்றரை நொடி உற்றுப் பார்க்க வேண்டியவருக்கு ஒவ்வொரு எழுத்தும் காசு மாதிரி.

அவர் அடித்த முதல் வாக்கியம்: "டிவி சத்தத்தைக் குறை." அத்தை சீரியலை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த "க்"கைத்தான். சொல்லின் கடைசியில் வரும் ஒற்றுக்குப் புள்ளி தானாக விழாது, தனியாகப் பார்க்க வேண்டும். அதாவது இரண்டு பார்வை. விட்டுவிட்டிருந்தால் எங்களுக்குப் புரியாமலா போயிருக்கும்?

இன்னொன்று. ஆரம்பத்தில் அவரால் செய்தி படிக்கவே முடியவில்லை. எந்தத் தலைப்பில் கண் நின்றாலும் அது திறந்துகொள்ளும். இந்தத் துறையில் இதற்கு மைடாஸ் தொடுகை என்று பெயராம், தொட்டதெல்லாம் பொன்னான ராஜா கதை. மாமா வைத்த பெயர் பஸ்மாசுரன். கை வைத்த தலையெல்லாம் சாம்பல் என்று வரம் வாங்கியவனுக்கு யாரையும் ஆசையாகத் தொட முடியாதில்லையா? இப்போது திரையின் மூலையில் ஒரு கட்டம் உண்டு. அதைப் பார்த்தால் கிளிக் நின்றுவிடும். மறுபடி பார்த்தால் வரும். கருவி வாங்குகிறவர்கள் முதலில் அந்த வசதியைத் தேடுங்கள். விண்டோஸில் 2017 முதல் உள்ளேயே வரும் கண் கட்டுப்பாட்டிலும் நிறுத்தி வைக்கும் பொத்தான் இருக்கிறது. பொருத்தமான கருவி மட்டும் தனியாக வேண்டும்.

குக்கர் விசில்:

அக்கா, பஸ்மாசுரன் பெயரை நான் திருடிக்கொள்கிறேன்.

என் கதை சின்னது. மணிக்கட்டு நரம்பு வலி, புரோகிராமர். டாக்டர் ஆறு மாதம் கீபோர்டு பக்கம் போகாதே என்றார். டாலன் என்ற மென்பொருளில் குரலால் கோட் எழுதி, கண்ணால் அம்புக்குறியை நகர்த்துகிறேன். கிளிக்குக்குக் காத்திருப்பதில்லை. உதட்டால் "ப்பக்" என்று ஒரு சத்தம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம், சத்தம் போட்டால்தான் கிளிக்.

ஆடிட்டர் ஆபீஸ் நண்பருக்கு: அந்த ஒரு செ.மீ. சிக்கலுக்கு இரண்டு வழி. ஒன்று, முதல் சத்தத்துக்கு அந்த இடம் மட்டும் பெரிதாகத் தெரியட்டும், இரண்டாவது சத்தத்துக்கு கிளிக். இன்னொன்று, கண் அம்புக்குறியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடட்டும், மிச்சமிருக்கும் அரை செ.மீ.யைத் தலை தள்ளட்டும். உங்களுக்கு இரண்டாவது சரிப்படும் என்று நினைக்கிறேன், தலை ஏற்கெனவே பழகியிருக்கிறதே.

பெயர்க் காரணம் கேட்பவர்களுக்கு: "ஸ்ஸ்" என்றால் பக்கம் கீழே ஓடட்டும் என்று நானே எழுதி வைத்திருந்தேன். அம்மா பருப்பு வைத்த நேரம், ஆயிரம் வரி கோட் கடகடவென்று ஓடியது.

புதியவள்:

ஸ்டீபன் ஹாக்கிங் பயன்படுத்தியதும் இதேதானே? ஐபோனிலும் வந்துவிட்டதாமே, தனியாகக் கருவி வேண்டாமாமே?

குக்கர் விசில்:

ஹாக்கிங் கன்னத் தசையால் ஓட்டினார். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய உணரி கன்னம் அசைவதைப் பிடிக்கும். ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் உண்டு, 12ஆம் மாடலிலிருந்து வேலை செய்யும், முன் கேமராவே போதும். போனை ஆடாமல் ஒன்றரை அடி தூரத்தில் நிறுத்தி வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்தால் அளவெல்லாம் கலைந்துவிடும்.

தலையாட்டிப் பொம்மை:

கண்ணையும் தலையையும் சேர்த்துப் பார்த்தேன். கருவியை மறுபடி இரவல் கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. நாலு நாள் ஆயிற்று. வரிசை தப்பவில்லை. சாயங்காலத்தில் கழுத்துக்குப் பதில் கண் எரிகிறது, அது வேறு விஷயம். மதியம் வரை இரண்டும், அப்புறம் தலை மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

வேலூர் மருமகள்:

மாமாவுக்கு இதையெல்லாம் திரையில் போட்டுக் காட்டினேன். பொறுமையாக முழுக்கப் படித்தார். அப்புறம் மூலைக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அடிக்கத் தொடங்கினார். ஏதோ வாழ்த்து சொல்லப்போகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு நிமிடம் ஆயிற்று. அப்படியே கீழே போடுகிறேன்:

"தலைப்பில் கணினியைக் என்று வர வேண்டும்."