ஆற்றைத் தாண்டி வீடு மாறுகிறவர்கள் காப்பீட்டுப் படிவத்தில் பார்க்க வேண்டிய கட்டம்

நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து பென்சில்வேனியாவுக்குக் குடிபெயரும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "கார் காப்பீட்டில் 'லிமிடெட் டார்ட்' எடுத்தால் பிரீமியம் குறையும் என்கிறார் முகவர். கையெழுத்துப் போடலாமா?"

போடாதீர்கள். அது விபத்தில் வழக்குப் போடும் உரிமையைச் சுருக்கிக்கொள்ளும் வகை. நான் போட்டவன்.

பென்சில்வேனியாவில் சிவப்பு விளக்கில் நின்றிருந்த என் காரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது இடப்பக்கம் கழுத்தைத் திருப்ப எட்டு மாதம் ஆயிற்று. மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் வந்தன. பட்ட வலிக்கு ஒரு காசு வரவில்லை. லிமிடெட் டார்ட் எடுத்தவர் 'கடுமையான காயம்' இருந்தால்தான் வலிக்கும் வேதனைக்கும் இழப்பீடு கேட்க முடியும். வழக்கறிஞர் என் பாலிசித் தாளை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, மேசையில் என் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே விபத்து வழக்கறிஞர்கள் முன்பணம் வாங்குவதில்லை. ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல். தோற்றவர் எதிராளியின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தரும் இங்கிலாந்து வழக்கமும் இங்கே பொதுவாகக் கிடையாது. வலிக்கான இழப்பீட்டைச் சட்டம் வெட்டிவிட்டால் பங்கு போட மிஞ்சுவது சொற்பம்; வழக்கை எடுக்க ஆள் வராது. வேடிக்கை என்னவென்றால், இடித்த கார் நியூ ஜெர்சிப் பதிவெண்ணோடு இருந்திருந்தால் எனக்கு இந்தத் தடையே இருந்திருக்காது. வெளி மாநிலக் காருக்கு விலக்கு உண்டு.

இரு மாநிலத்துக்கும் நடுவே ஓர் ஆறுதான், ஆனால் நீதிமன்றங்கள் வேறு. நியூ ஜெர்சியில் நீதிபதிகளை ஆளுநர் நியமிக்க, செனட் ஒப்புதல் தருகிறது. ஏழு ஆண்டு கழித்து மறுநியமனம் கிடைத்தால் 70 வயது வரை பதவி. பென்சில்வேனியாவில் நீதிபதிகள் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்கிறார்கள். பத்தாண்டுக்குப் பிறகு 'வேண்டும், வேண்டாம்' என்று ஒரு வாக்கெடுப்பு. தேர்தல் என்றால் நன்கொடை. கொடுப்பவர்களில் வழக்கறிஞர்களும் உண்டு, வழக்கைச் சந்திக்கும் நிறுவனங்களும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நிலக்கரி நிறுவனத் தலைவர் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவழித்து ஒருவரை நீதிபதியாக்க உதவினார். அந்த நீதிபதி அதே நிறுவனத்தின் வழக்கில் உட்கார்ந்தது தவறு என்று 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலில் வந்தவர் எல்லாம் விலைபோனவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) வழக்குப் போடுவது என்பதற்கே பென்சில்வேனியாவில் ஒரு போராட்டம் நடக்கிறது. மருத்துவத் தவறு வழக்கைச் சிகிச்சை நடந்த கவுண்டியில்தான் போட வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் தளர்ந்தது. ஃபிலடெல்பியா ஜூரி தாராளமாகத் தரும் என்று பெயர் இருப்பதால் வழக்கறிஞர்களுக்கு அது மகிழ்ச்சி, மருத்துவமனைகளுக்குக் கிலி. டெக்சாஸில் 2003 முதல் வலிக்காக ஒரு மருத்துவர் தர வேண்டியதற்கு 2,50,000 டாலர் உச்சவரம்பு. பென்சில்வேனியாவில் காயத்துக்கான இழப்பீட்டுக்குச் சட்டமன்றம் வரம்பு போடுவதை மாநில அரசியலமைப்பே தடுக்கிறது. காப்பீட்டு நிறுவனம் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பிரீமியம் சொல்கிறது. விசாவிலும் கிரீன் கார்டிலும் இருப்பவர்களுக்கு நீதிபதித் தேர்தலில் ஓட்டு இல்லை; பில் மட்டும் தவறாமல் வரும்.

நீங்கள் இடித்தவராக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். பென்சில்வேனியா கேட்கும் குறைந்தபட்சக் காப்பீடு, காயமடைந்த ஒருவருக்கு 15,000 டாலர். ஒரு நாள் மருத்துவமனையிலேயே அது கரைந்துவிடும். மிச்சத்துக்கு உங்கள் சேமிப்பைத்தான் பார்ப்பார்கள். ஒருவருக்கு 1,00,000, ஒரு விபத்துக்கு 3,00,000 டாலர் என்று உயர்த்துங்கள். வீடு வாங்கியதும் கார், வீட்டுக் காப்பீட்டின் வரம்பு தீர்ந்த பிறகு கைகொடுக்கும் 10 லட்சம் டாலர் 'அம்ப்ரெல்லா' பாலிசி ஒன்றும் சேருங்கள்.

இன்னொன்று: பென்சில்வேனியாவில் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால், வழக்குரிமை முழுதாக இருக்கும் ஃபுல் டார்ட்தான். நியூ ஜெர்சியில் தலைகீழ். சும்மா இருந்தால் வழக்குரிமை குறைந்த வகையில் சேர்த்துவிடுவார்கள். லிமிடெட் டார்ட்டில் போடும் கையெழுத்து உங்களோடு நிற்காது, ஒரே வீட்டில் இருக்கும் மனைவி, பிள்ளைகளையும் கட்டும். எனக்கு அது தெரிந்தது கழுத்து வலி வந்த பிறகு.